வினிகர் டைட்ரேஷன்: முடிவு நிலையில் பிஎச் ஏன் 7 காட்டவில்லை?

தம்பி, வேறு மாணவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

நீ கொரட்டூரில் பிளஸ் டூ படிக்கிறாய். கடையில் வாங்கிய 4 சதவீத வினிகரைப் பத்து மடங்கு நீர்த்து, அதில் 20 மில்லி எடுத்து, 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலால் தரம் பார்த்திருக்கிறீர்கள், அதாவது டைட்ரேஷன் செய்திருக்கிறீர்கள். நிறங்காட்டியாக பினாப்தலின் போட்டவர்களுக்கு 13.4, 13.3, 13.3 மில்லி என்று வந்தது. மெத்தில் ஆரஞ்சு போட்ட பெஞ்சில் ஒருவருக்கு 3.2, இன்னொருவருக்கு 4.3 என்று ஆளுக்கு ஒன்றாக வந்தது. அதோடு, பினாப்தலின் இளஞ்சிவப்பாக மாறிய குடுவையில் பிஎச் மீட்டரை வைத்தபோது 8.7 காட்டியது. "நடுநிலையாக்கல் முடிந்திருந்தால் 7 தானே வர வேண்டும்? 8.7 வந்தால் காரத்தை அதிகமாக ஊற்றிவிட்டோம் என்றுதானே பொருள்? அப்படியானால் 13.3 தவறா?" என்று கேட்டிருக்கிறாய்.

13.3 சரி. 8.7ம் சரி. காரத்தை நீ அதிகமாக ஊற்றவில்லை. மெத்தில் ஆரஞ்சு பெஞ்சில் இருந்தவர்களின் கையிலும் பிழை இல்லை, அவர்களுக்குக் கொடுத்த நிறங்காட்டிதான் இந்த வேலைக்கு ஆகாதது. வட சென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பல வருடம் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். உன்னுடைய இந்தக் குழப்பம் வருடா வருடம் வகுப்பில் வரும். பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். விடைத்தாளில் "சமான நிலையில் பிஎச் 7" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தெரியவரும். நீ கேட்டுவிட்டாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டைட்ரேஷன் என்பது எண்ணும் வேலை. குடுவையில் எத்தனை அமில மூலக்கூறுகள் இருக்கின்றன என்று கண்ணால் எண்ண முடியாது. அதனால் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேரும் இன்னொரு பொருளை அளந்து ஊற்றுகிறோம். அமிலம் தீரும் இடத்தில் நிறுத்தி, எவ்வளவு ஊற்றினோம் என்று பார்க்கிறோம். நீ ஊற்றியது 13.3 மில்லி, செறிவு 0.1 மோலார். பெருக்கினால் 1.33 மில்லிமோல். அத்தனை ஹைட்ராக்சைடு அயனிகள் உள்ளே போயின, அத்தனை அசிட்டிக் அமில மூலக்கூறுகள் தீர்ந்தன. எண்ணிக்கை பொருந்திய அந்த இடத்துக்குத்தான் சமான நிலை என்று பெயர். அந்த வரையறையில் பிஎச் என்ற சொல் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனி.

கரைசலில் அந்த நேரத்தில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு சுதந்திரமாக இருக்கின்றன என்பது பிஎச். அது வேறு கேள்வி. கடைக்காரரிடம் வைத்த பாக்கியை மாதக் கடைசியில் தீர்த்துவிட்டாய் என்று வைத்துக்கொள். பாக்கி தீர்ந்ததா என்று கேட்டால் தீர்ந்தது. தீர்த்த பிறகு உன் பையில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், அதற்கு அந்தப் பாக்கிக் கணக்கைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

இதை நம்பக் கடினமாக இருந்தால் இரண்டு குடுவைகளை மனத்தில் ஒப்பிட்டுப் பார். ஒன்றில் நீ எடுத்த நீர்த்த வினிகர் 20 மில்லி. இன்னொன்றில் அதே செறிவுள்ள, அதாவது 0.0665 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லி. தொடக்கத்தில் பிஎச் பார்த்தால் இரண்டுக்கும் தூரம் அதிகம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1.2 அருகில் இருக்கும், வினிகர் 3 அருகில் இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் முழுவதும் அயனியாகிவிடுகிறது. அசிட்டிக் அமிலம் இந்தச் செறிவில் 1000 மூலக்கூறுகளுக்குச் சுமார் 16 மட்டுமே அயனியாகிறது, மற்றவை பிரியாமல் அப்படியே கிடக்கின்றன. "வலிமை குறைந்த அமிலம்தானே, குறைவான காரமே போதும்" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் தேவைப்படுவது அதே 13.3 மில்லிதான். வெளியே வந்த ஹைட்ரஜன் அயனியை ஹைட்ராக்சைடு பிடித்துக்கொண்டதும், அந்த இடத்தை நிரப்ப இன்னொரு மூலக்கூறு பிரிகிறது. அதையும் பிடித்தால் இன்னொன்று. கடைசி மூலக்கூறு வரை இப்படியே போகும். வலிமை குறைந்தது என்பது சீக்கிரம் விட்டுக்கொடுக்காத குணத்தைக் குறிக்கிறது, அளவைக் குறிக்கவில்லை.

சரி, எண்ணிக்கை பொருந்திய பிறகு குடுவையில் என்ன இருக்கிறது? தண்ணீரும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும். உப்பு என்றதும் சாப்பாட்டு உப்பு நினைவுக்கு வந்து, அமிலமும் இல்லை காரமும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நீ தடுமாறிய இடம் இதுதான். அசிட்டேட் அயனிக்கு ஹைட்ரஜன் அயனியின் மேல் பிடிப்பு அதிகம். அதனால்தான் அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்ததாக இருந்தது. அந்தப் பிடிப்பு உப்பான பிறகும் போகவில்லை. சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து எப்போதாவது ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொண்டு, ஒரு ஹைட்ராக்சைடு அயனியைத் தனியே விட்டுவிடுகிறது. உன் குடுவையில் இப்படிச் செய்வது சுமார் 8000 அசிட்டேட் அயனிகளில் ஒன்று மட்டுமே. அந்த ஒன்றே கரைசலை 8.7க்குக் கொண்டுபோகப் போதும். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் 8.7தான் வருகிறது, உங்கள் மீட்டர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. பாடத்தில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். நீங்கள் அதை வேறொரு பாடத்தில், வேறொரு மாதத்தில் படித்திருப்பீர்கள். டைட்ரேஷனோடு சேர்த்து நடத்தாததுதான் இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் என்பது என் கருத்து.

இதை உன் வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி மஞ்சள் கறை பட்டுவிட்டால், சோப்பு போட்டதும் அந்த இடம் செங்கல் நிறமாகச் சிவக்கும். நன்றாக அலசினால் மறுபடியும் மஞ்சளாகும். அம்மாவிடம் கேட்டால் "தெரியுமே" என்பார். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பதும் இதே வினைதான். சுண்ணாம்பு காரம், அதனால் மஞ்சள் சிவக்கிறது, அதில் வியப்பு இல்லை. ஆனால் சோப்பு? கொழுப்பு அமிலத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்து உண்டான உப்பு அது. கொழுப்பு அமிலம் வலிமை குறைந்தது, சோடியம் ஹைட்ராக்சைடு வலிமை மிகுந்தது. உன் சோடியம் அசிட்டேட்டும் அதே குடும்பம்தான். காரத்தை மிச்சம் வைக்காமல் செய்த சோப்பாக இருந்தாலும் தண்ணீரில் கரைந்ததும் காரத்தன்மை காட்டும், மஞ்சள் அதைப் பிடித்துச் சிவக்கும். சோதித்துப் பார்க்க விரும்பினால் குளியல் சோப்பை எடுத்துக்கொள். துணி சோப்பிலும் சலவைப் பவுடரிலும் சலவைச் சோடாவைத் தனியாகவே சேர்ப்பார்கள், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான உப்பும் நம் வீடுகளில் உண்டு. லாரித் தண்ணீர் கலங்கலாக வந்தால் படிகாரத்தைச் சுழற்றிவிடுவார்களே, அது. பெயரிலேயே காரம் இருக்கிறது, ஆனால் படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உடையது. அதில் இருக்கும் அலுமினியம் அயனி தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. பெயரைப் பார்த்து முடிவு செய்தால் இங்கே ஏமாந்துபோவோம். "நடுநிலையாக்கல்" என்ற சொல்லும் அப்படித்தான். வலிமை மிகுந்த அமிலமும் வலிமை மிகுந்த காரமும் சேரும்போது அந்தப் பெயர் முழுக்கப் பொருந்தும். மற்ற இடங்களில் அது அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன என்பதற்கான பெயர் மட்டுமே.

வரலாறும் இதையே சொல்கிறது. பியூரெட், பிப்பெட் என்ற சொற்களைப் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் 1824இல் தன் கட்டுரையில் பயன்படுத்தினார். ஜெர்மனியில் மோர் என்பவர் தரம் பார்க்கும் முறைகளுக்கென்றே ஒரு பாடநூலை 1855இல் வெளியிட்டார். பினாப்தலினை பேயர் முதன்முதலில் தயாரித்தது 1871. பிஎச் என்ற அளவுகோல் வந்ததோ 1909இல்தான், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன் அதை அறிமுகப்படுத்தினார். பிஎச் என்ற பேச்சே இல்லாத காலத்தில் பல பத்தாண்டுகள் டைட்ரேஷன் துல்லியமாக நடந்திருக்கிறது. 7 என்ற எண் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்த 7கூட எப்போதும் 7 அல்ல. தூய நீரின் பிஎச் 7 என்பது 25 டிகிரி செல்சியஸில். சித்திரை மாதம் மின்விசிறி மட்டும் ஓடும் நம் ஊர் ஆய்வகத்தில் தண்ணீர் 35 டிகிரியில் இருந்தால், நடுநிலை என்பது சுமார் 6.8. வெப்பம் கூடினால் தண்ணீர் கூடுதலாக அயனியாகிறது. ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் சம அளவில் இருப்பதால் நடுநிலை நடுநிலைதான், எண் மட்டும் இறங்கியிருக்கும்.

இப்போது மெத்தில் ஆரஞ்சுக்கு வருகிறேன். நிறங்காட்டிக்கு எண்ணத் தெரியாது. அமிலம் தீர்ந்ததா என்று அதற்குத் தெரியவே தெரியாது. அதுவும் ஓர் அமிலமோ காரமோதான், சுற்றியிருக்கும் பிஎச் ஒரு குறிப்பிட்ட எல்லையைக் கடக்கும்போது அதன் மூலக்கூறு அமைப்பு மாறி நிறமும் மாறுகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1க்குக் கீழே சிவப்பு, 4.4க்கு மேலே மஞ்சள். பினாப்தலின் 8.2 வரை நிறமற்றது, 10க்குள் நல்ல இளஞ்சிவப்பு. நாம் கேட்கும் கேள்வி எண்ணிக்கை பற்றியது, அதற்குப் பதில் சொல்ல வைத்திருக்கும் ஆள் பிஎச் மட்டும் தெரிந்தவர். இவரை நம்புவதற்கு ஒரே ஒரு காரணம் உண்டு. சமான நிலையை ஒட்டி பிஎச் திடீரென்று தாவுகிறது. அந்தத் தாவலுக்குள் நிறம் மாறினால், எண்ணிக்கையும் நிறமும் ஒரே சொட்டில் சந்திக்கும்.

தாவல் எவ்வளவு பெரியது என்பதைச் சொன்னால்தான் புரியும். 20 மில்லி 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடை விடுகிறாய். தொடக்கத்தில் பிஎச் 1. பாதி, அதாவது 10 மில்லி விட்ட பிறகும் 1.5தான். 19 மில்லி விட்டும் 2.6. இவ்வளவு ஊற்றியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று தோன்றும். சமான நிலைக்கு ஒரு சொட்டு முன்னால், 19.95 மில்லியில், 3.9. ஒரு சொட்டு தாண்டி, 20.05இல், 10.1. இரண்டே சொட்டில் 3.9இலிருந்து 10.1. இந்த இடைவெளிக்குள் மெத்தில் ஆரஞ்சு முழுதாக மஞ்சளாகிவிடும், பினாப்தலினும் இளஞ்சிவப்பாகிவிடும். எதைப் போட்டாலும் ஒரு சொட்டுக்கு மேல் வித்தியாசம் வராது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டுமே செய்து பழகியவர்களுக்கு "நிறங்காட்டி எதுவானாலும் ஒன்றுதான்" என்ற எண்ணம் வருவது இதனால்.

வினிகரில் கதை வேறு. அங்கே தொடக்கமே 3 அருகில். சோடியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் போனதும் அசிட்டிக் அமிலமும் அசிட்டேட்டும் சேர்ந்திருக்கும் தாங்கல் கரைசல், அதாவது பிஎச் எளிதில் மாறாத கரைசல், உருவாகிறது. பாதி தீர்ந்த இடத்தில், உன் கணக்கில் 6.65 மில்லியில், பிஎச் 4.76. அது அசிட்டிக் அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் எண்ணான பிகேஏ மதிப்பேதான். மெத்தில் ஆரஞ்சின் எல்லையான 3.1 முதல் 4.4 வரை என்பது இந்தத் தாங்கல் பகுதிக்குள், சமான நிலைக்கு வெகு முன்னால் விழுந்துவிடுகிறது. 4.4ஐத் தொடும்போது அமிலத்தில் 30 சதவீதம்தான் தீர்ந்திருக்கும், அதாவது சுமார் 4 மில்லி. அதுவும் ஒரே சொட்டில் மாறாது. சிவப்பு மெதுவாக ஆரஞ்சாகி, ஆரஞ்சு மெதுவாக மஞ்சளாகும். எந்த ஆரஞ்சில் நிறுத்துவது என்று பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. ஒருவர் 3.2 என்றும் இன்னொருவர் 4.3 என்றும் எழுதியது இதனால்தான். அவர்கள் இருவரும் பார்த்ததை உண்மையாக எழுதியிருக்கிறார்கள், அதற்காக மதிப்பெண் குறைத்திருந்தால் அது நியாயமில்லை.

பினாப்தலினில் பார். சமான நிலைக்கு ஒரு சொட்டு முன்னால் 7.2, சமான நிலையில் 8.7, ஒரு சொட்டு தாண்டினால் 10.2. பினாப்தலின் விழித்துக்கொள்ளும் இடம் சரியாக நடுவில். வினிகருக்கு பினாப்தலின் என்று புத்தகத்தில் போட்டிருப்பது மனப்பாடம் செய்வதற்கான விதி இல்லை, முடிவு நிலையில் கரைசல் 8.7இல் நிற்கும் என்பதால் எடுத்த முடிவு. அசிட்டேட்டின் காரத்தன்மை தெரிந்தால் நிறங்காட்டி தானாகவே தெரிந்துவிடும்.

மூன்று அளவீடுகளும் ஒத்துப்போனால் விடை சரி என்று நினைக்கிறோமே, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருடம் நான் எடுத்த வகுப்பில் 20.0 மில்லி வர வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் 21.5 ஒட்டியே வந்தது. பிள்ளைகள் பியூரெட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் செய்யச் சொன்னேன். மறுபடியும் 21.5. ஒரு மாணவி மட்டும், "சார், முப்பது பேரும் ஒரே மாதிரி தப்புப் பண்ண முடியுமா?" என்று கேட்டாள். அன்று மாலை அந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஆக்சாலிக் அமிலத்தோடு சரிபார்த்தேன். 0.1 என்று நான் லேபிள் ஒட்டிய கரைசல் உண்மையில் 0.093 மோலார். தவறு என்னுடையது. ஏற்கெனவே திறந்து வைத்திருந்த புட்டியிலிருந்து வில்லைகளை எடுத்து, லிட்டருக்கு 4 கிராம் என்று நிறுத்து, அப்படியே நம்பிவிட்டேன். கடலோர ஊரின் ஈரக்காற்றில் அந்த வில்லைகள் தராசுத் தட்டில் இருக்கும்போதே ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். நான் நிறுத்த 4 கிராமில் ஒரு பங்கு தண்ணீர். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் அது விடாது, அதோடு வினைபுரிந்து கார்பனேட் ஆகிக்கொண்டே இருக்கும். மறுநாள் அந்த மாணவியிடமும் வகுப்பிடமும் என் தவறைச் சொல்லி, எல்லோருடைய அளவீட்டையும் சரி என்று திருத்தினேன்.

அதனால்தான் சோடியம் ஹைட்ராக்சைடை நிறுத்துச் செறிவு சொல்லக்கூடாது. ஆக்சாலிக் அமிலப் படிகம் காற்றில் நிலையாக இருக்கும், தூய்மையாகக் கிடைக்கும், நிறுத்தது நிறுத்தபடி நிற்கும். அதன் மூலக்கூறு நிறை 126, கொடுக்கும் ஹைட்ரஜன் இரண்டு, அதனால் சமான நிறை 63. 250 மில்லிக்கு 1.575 கிராம் கரைத்தால் 0.1 நார்மல், அதாவது லிட்டருக்கு 0.1 சமான நிறை. இதை வைத்து சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவைக் கண்டுபிடித்து, பிறகு அந்த சோடியம் ஹைட்ராக்சைடை வைத்து வினிகரை அளக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அப்படிச் செய்து கொடுத்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்.

"வி ஒன் என் ஒன் ஈக்வல் டு வி டூ என் டூ" என்று பாட்டு மாதிரி எல்லோருக்கும் தெரியும். அதில் என் இருக்கும் இடத்தில் மோலாரிட்டியைப் போட்டுவிடுவதுதான் கணக்கில் வரும் பெரிய தவறு. வினிகரில் ஒன்றுக்கு ஒன்று என்பதால் எதைப் போட்டாலும் தப்பித்துவிடலாம். ஆக்சாலிக் அமிலத்திலோ சல்பியூரிக் அமிலத்திலோ அப்படிப் போட்டால் விடை பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். சூத்திரத்தைவிட, எத்தனை ஹைட்ரஜன் அயனி, எத்தனை ஹைட்ராக்சைடு என்று எண்ணிப்பார்ப்பது நம்பகமானது.

கழுவும் விஷயத்திலும் இதே எண்ணிக்கைதான். பியூரெட்டையும் பிப்பெட்டையும் அதனதன் கரைசலால் கடைசியாக அலச வேண்டும், உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் செறிவைக் குறைத்துவிடும். கூம்புக் குடுவையை மட்டும் வாலை வடிநீரால்தான் அலச வேண்டும். அதை வினிகரால் அலசினால் எண்ணாத மூலக்கூறுகள் சில உள்ளே தங்கிவிடும். குடுவையில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை, பிப்பெட்டிலிருந்து வந்த 1.33 மில்லிமோல் அப்படியேதான் இருக்கும். நடுவில் பக்கச் சுவர்களைக் கழுவு புட்டியால் தாராளமாகக் கழுவி இறக்கலாம். இளஞ்சிவப்பு வந்து, சுழற்றியபடி அரை நிமிடம் நின்றால் அதுவே முடிவு நிலை. அதற்குப் பிறகு மெல்ல வெளிறினால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைகிறது என்று பொருள். அதைத் துரத்திக்கொண்டு மேலும் சொட்டு விடாதே.

நீ கேட்காத ஒன்றும் சொல்கிறேன், ஏனென்றால் இது காயம் சம்பந்தப்பட்டது. அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் வெளியாகிறது. வலிமை மிகுந்த இரண்டு நீர்த்த கரைசல்கள் சேர்ந்து ஒரு மோல் தண்ணீர் உண்டாகும்போது சுமார் 57 கிலோஜூல். தோலில் அமிலம் பட்டால் அதை "நடுநிலையாக்க" அதன் மேல் காரத்தை ஊற்றாதே. பட்ட புண்ணோடு வெப்பமும் சேரும், அளவு தாண்டினால் காரமும் அரிக்கும். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் நெடுநேரம் காட்டு, உடனே ஆசிரியரிடம் சொல். கண்ணில் பட்டாலும் தண்ணீர்தான், உடனே மருத்துவமனை.

மெத்தில் ஆரஞ்சைக் குப்பையில் போட்டுவிடாதே. அதற்குப் பொருத்தமான வேலை உன் வீட்டுக் கிணற்றிலோ ஆழ்துளைக் குழாயிலோ இருக்கிறது. நம் ஊரில் பல இடங்களில் நிலத்தடி நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. பிஎச் மீட்டரில் 7.5 என்று, கிட்டத்தட்ட நடுநிலை மாதிரி காட்டும். பினாப்தலின் விட்டால் நிறமே வராது. அதே தண்ணீர் 100 மில்லியில் மெத்தில் ஆரஞ்சு விட்டு, 0.02 நார்மல் சல்பியூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால், மஞ்சள் போய் ஆரஞ்சு தொடங்க 38 மில்லி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுகளில் ஒரு மில்லிக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால். ஆக 380. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500இல் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி.

உன் வினிகர் குடுவைக்கு இதை எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார். அங்கே அமிலக் கணக்கு முழுதும் தீர்ந்துவிட்டது, ஆனால் பிஎச் 7ஐத் தாண்டி நின்றது. இங்கே பிஎச் 7ஐ ஒட்டி இருக்கிறது, ஆனால் 38 மில்லி அமிலத்தை விழுங்கும் காரம் உள்ளே இருக்கிறது. பைகார்பனேட் எல்லாம் தீரும் இடத்தில் கரைசலில் கார்பானிக் அமிலம் மிஞ்சுவதால் பிஎச் 4.5 அருகில் போய்விடும். அது மெத்தில் ஆரஞ்சின் எல்லை. வினிகரில் 4 மில்லியிலேயே ஏமாற்றிய அதே நிறங்காட்டி இங்கே சரியான இடத்தில் நிற்கச் சொல்கிறது.

சலவைச் சோடாவில் இரண்டு நிறங்காட்டிகளும் அடுத்தடுத்து வேலை செய்யும். சோடியம் கார்பனேட் கரைசலில் பினாப்தலின் விட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இறக்கினால், கார்பனேட் பைகார்பனேட்டாக மாறும் பாதி வழியிலேயே, பிஎச் 8.3 அருகில், இளஞ்சிவப்பு மறைந்துவிடும். அங்கே 10 மில்லி என்றால், அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு விட்டுத் தொடர்ந்தால் இன்னொரு 10 மில்லி பிடிக்கும். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி ஒருமுறை செய்து பார். ஒரே குடுவையில் இரண்டு முடிவு நிலைகளைக் கண்ணால் பார்த்தபின், முடிவு நிலை 7இல்தான் வர வேண்டும் என்று உனக்குத் தோன்றாது.

இனி ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டியது. ஒத்த அளவீடு 13.3 மில்லி. 13.3ஐ 0.1ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் நீர்த்த கரைசல் 0.0665 மோலார். பத்து மடங்கு நீர்த்ததால் வினிகர் 0.665 மோலார். அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 60, பெருக்கினால் லிட்டருக்கு 39.9 கிராம், 100 மில்லிக்கு 3.99 கிராம். புட்டியில் 4 சதவீதம் என்று போட்டிருப்பதோடு பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சு அளவீடுகளை அழிக்க வேண்டாம். அவற்றின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் "நிறமாற்ற எல்லை 3.1 – 4.4, சமான நிலை 8.7" என்று எழுதச் சொல். பிஎச் மீட்டர் காட்டிய 8.7ஐயும், அன்று கரைசல் என்ன வெப்பநிலையில் இருந்தது என்பதையும் அதே பக்கத்தில் குறித்து வை.